வாரம் ஒரு கண்டுபிடிப்பு: எதை எவ்வளவு நம்புவது?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது. இரண்டு மூன்று ஆண்டுகளாக அறிவியல் செய்திகளை விடாமல் படிக்கிறீர்கள். அறை வெப்பநிலையிலேயே வேலை செய்யும் மீகடத்தி, அதாவது மின்தடையே இல்லாத பொருள், கிடைத்துவிட்டது என்றார்கள். ஒரு மாதத்தில் இல்லை என்றார்கள். வெளிச்சமே எட்டாத கடலடியில் ஆக்சிஜன் உருவாகிறது என்றார்கள். அதையும் இப்போது மறுக்கிறார்கள். மூளைக்குள் ஒரு கரண்டி பிளாஸ்டிக், இருண்ட ஆற்றல் வலுவிழக்கிறது, சமையலறையில் இருக்கும் கறுப்புக் கரண்டி ஆபத்து என்று பட்டியல் போட்டுவிட்டு, "இதில் எதுதான் உண்மை? அந்தக் கரண்டியைத் தூக்கி எறியலாமா?" என்று முடித்திருக்கிறீர்கள். இரண்டு முறை படித்தபோது உங்கள் சிக்கல் வேறு என்று பட்டது. ஆய்வுக்கட்டுரையைத் திறந்து தானே சரிபார்க்க முடியாத ஒருவர், ஒரு செய்திக்கு எவ்வளவு நம்பிக்கை கொடுப்பது என்று எதை வைத்து முடிவு செய்வது? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். கரண்டியை மறக்க மாட்டேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. மிகக் குறைந்த வெப்பநிலையில் பொருள்களின் மின்தடையை அளப்பதுதான் இருபது ஆண்டுகளுக்கு மேல் என் வேலை. அதனால் இயற்பியல் பக்கம் கொஞ்சம் தைரியமாகப் பேசுவேன். உயிரியலிலும் சுற்றுச்சூழல் ஆய்விலும் நான் வெளியாள்தான். அங்கே அளவீடு எப்படி நடந்தது என்பதை எடைபோட முடியும்; அதற்கு மேல் அந்தத் துறைக்காரர்கள் சொல்வதைத்தான் நானும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது ஒரு நாள் இரவு நானே ஒரு மீகடத்தியைக் "கண்டுபிடித்தேன்". மின்தடையை அளக்க மாதிரியில் நான்கு கம்பிகள் ஒட்டுவோம். இரண்டு வழியாக மின்னோட்டம் போகும், மற்ற இரண்டில் மின்னழுத்தத்தைப் படிப்போம். குளிர்வித்துக்கொண்டே போனபோது எண் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. தூக்கம் போய்விட்டது. காலையில் வழிகாட்டியிடம் ஓடினால், அவர் கேட்டது ஒரே கேள்வி: "திரும்பச் சூடாக்கினபோது எந்த வெப்பநிலையில் பழைய நிலைக்கு வந்தது?" ஒவ்வொரு முறையும் வேறு வேறு வெப்பநிலையில் வந்திருந்தது. திறந்து பார்த்தால், குளிரில் சுருங்கிய இரண்டு மின்னழுத்தக் கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. கருவி பொய் சொல்லவில்லை; அந்த இரண்டு கம்பிகளுக்கும் இடையே மின்னழுத்தம் உண்மையிலேயே பூஜ்யம்தான். அதை மாதிரியின் மின்தடை என்று படித்தது நான்.

அன்றிலிருந்து எந்த அறிவிப்பைப் பார்த்தாலும் மூன்று அடுக்காகப் பிரித்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. கருவி உண்மையில் எதை உணர்ந்தது? அதிலிருந்து ஆய்வாளர் எதை ஊகித்தார்? அந்த ஊகத்திலிருந்து செய்தி எதைச் சொன்னது? பெரும்பாலான சண்டைகள் இரண்டாவது அடுக்கில் நடக்கின்றன. நம் காதுக்கு வந்து சேர்வதோ மூன்றாவது.

நீங்கள் சொன்ன அந்த மீகடத்தியை, எல்கே-99 என்ற பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலையில் தென்கொரியக் குழு ஒன்று, ஈயமும் தாமிரமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஒரு பொருள் சாதாரண அழுத்தத்தில், அறை வெப்பநிலைக்கு மேலேயே மீகடத்தியாக இருக்கிறது என்று கட்டுரையை இணையத்தில் ஏற்றியது. காந்தத்துக்கு மேல் ஒரு துண்டு பாதி எழும்பி நிற்கும் காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. கருவி உணர்ந்தது என்ன? சுமார் 104 டிகிரி செல்சியஸ் அருகே மின்தடை சட்டென்று இறங்கியது. அது உண்மை. ஆனால் அந்த மாதிரியில் தாமிர சல்பைடு மாசாகக் கலந்திருந்தது. அதே வெப்பநிலையில் தாமிர சல்பைடின் படிக அமைப்பு மாறும், மின்தடையும் இறங்கும். பாதி எழும்பியதற்குச் சாதாரண காந்தத்தன்மை போதும். ஸ்டுட்கார்ட்டில் உள்ள மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் மாசு இல்லாத தனிப்படிகமாக வளர்த்துப் பார்த்தபோது அது ஊதா நிறத்தில், கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் மின்காப்பியாக இருந்தது. மீகடத்திக்கு நேர் எதிர். இந்தக் கதையில் உங்களுக்கு எரிச்சல் வந்தது புரிகிறது. எனக்கு என்னவோ திருப்திதான். அறிவிப்பு வந்து சில வாரங்களுக்குள் பல நாட்டு ஆய்வகங்கள் அதே பொருளைச் செய்து பார்த்துக் காரணம் வரைக்கும் கண்டுபிடித்துவிட்டன. எளிதில் செய்து பார்க்கக்கூடிய பொருளாக இருந்ததால் இந்த வேகம் முடிந்தது.

கடலடி ஆக்சிஜன் அப்படி எளிதில் திரும்பச் செய்து பார்க்கக்கூடியது இல்லை. உங்கள் பட்டியலிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இயற்பியல், உயிரியல், சூழலியல் மூன்றும் ஒரே பெட்டிக்குள் மோதிக்கொள்கின்றன. பசிபிக்கில் ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் நடுவே கிளேரியன்-கிளிப்பர்டன் என்றொரு பகுதி. 4,000 மீட்டர் ஆழத்தில் தரையெங்கும் உருளைக்கிழங்கு அளவில் மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் உலோக முடிச்சுகள் கிடக்கின்றன. ஒரு மூடிய பெட்டியை அந்தத் தரையில் அழுத்தி வைத்து, உள்ளே அகப்பட்ட நீரில் ஆக்சிஜன் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்ப்பார்கள். சேற்றில் இருக்கும் உயிர்கள் சுவாசிப்பதால் அது குறைந்தாக வேண்டும். ஆனால் கடலடி ஆய்வாளர் ஆண்ட்ரூ ஸ்வீட்மன் குழுவின் பெட்டிகளில் கூடியது. 2013-இல் முதலில் பார்த்தபோது உணரி கெட்டுவிட்டது என்றே அவர் நினைத்தார். பல ஆண்டுகள் கழித்து, உணரியை நம்பாமல் நீரை எடுத்து வேதியியல் முறையில் அளந்தபோதும் ஆக்சிஜன் கூடியிருந்தது. இரண்டே நாளில் மூன்று மடங்குக்கு மேல் போன பெட்டியும் உண்டு. 2024 ஜூலையில் கட்டுரை வெளிவந்தது.

இங்கே முதல் அடுக்கு: பெட்டிக்குள் ஆக்சிஜன் கூடியது. இரண்டு தனித்தனி முறைகள் அப்படிச் சொல்கின்றன. இதை நான் ஏற்கிறேன். இரண்டாவது அடுக்கு: அந்த முடிச்சுகள் சிறு மின்கலம் போல வேலை செய்து கடல்நீரைப் பிளக்கின்றன என்ற விளக்கம். முடிச்சின் மேல் அளந்த அதிகபட்ச மின்னழுத்தம் 0.95 வோல்ட். நீரைப் பிளக்கக் கோட்பாட்டளவிலேயே 1.23 வோல்ட் வேண்டும். நடைமுறையில் இன்னும் அதிகம். முடிச்சுகள் தொடர்ச்சியாக இணைந்தால் போதிய அழுத்தம் வரலாம் என்கிறது கட்டுரை. அந்த ஆற்றல் எங்கிருந்து தொடர்ந்து வருகிறது என்பதற்கு எனக்கு நிறைவான பதில் அதில் கிடைக்கவில்லை. மின்கலம் என்றால் ஏதோ ஒன்று செலவாகிக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா? அப்புறம், பெட்டி இறங்கும்போது மேலேயிருந்து காற்றுக்குமிழி அகப்பட்டு வந்திருக்கலாம் என்று எதிர்த்தரப்பு சொல்கிறது. அதே கடல்பகுதியில் வேறு குழுக்கள் வைத்த பெட்டிகளில் ஆக்சிஜன் வழக்கம்போல் குறைந்தது என்றும் காட்டுகிறது. ஆய்வுக்குப் பணம் கொடுத்த சுரங்க நிறுவனமே முடிவை எதிர்ப்பது இன்னொரு வேடிக்கை. அந்த முடிச்சுகளைத் தோண்டி எடுக்கக் காத்திருப்பவர்கள் அவர்கள். ஆகவே எதிர்ப்பைக் கொஞ்சம் கழித்துத்தான் கேட்க வேண்டும். அதற்காக அவர்கள் கேட்கும் தொழில்நுட்பக் கேள்வி தவறாகிவிடாது. மூன்றாவது அடுக்கில், "பூமியில் உயிர் தோன்றிய கதையே மாறுகிறது" என்று தலைப்புப் போட்டார்களே, அதற்கு இந்தப் பெட்டியில் ஆதாரம் எதுவும் இல்லை.

இயற்பியல் செய்திகளில் சிக்மா என்ற சொல்லைப் பார்த்திருப்பீர்கள். தற்செயலாக இப்படியொரு எண் வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதன் அளவு அது. மூன்று சிக்மா என்றால் சுமார் 740-இல் ஒன்று. ஐந்து சிக்மா என்றால் சுமார் 35 லட்சத்தில் ஒன்று. ஐந்தைத் தாண்டினால்தான் கண்டுபிடிப்பு என்பது துகள் இயற்பியலில் மரபு. ஆனால் சிக்மா தற்செயலைத்தான் கணக்கிடும். தொட்டுக்கொண்டிருக்கும் கம்பியை அது பார்க்காது. 2011-இல் ஐரோப்பியத் துகள் ஆய்வகமான செர்னிலிருந்து இத்தாலியின் கிரான் சாசோவுக்கு 730 கிலோமீட்டர் பயணம் செய்த நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோநொடி முன்னதாக வந்துவிட்டன என்று ஓபெரா குழு அறிவித்தது. ஆறு சிக்மா. கடைசியில் சரியாகப் பொருந்தாத ஒரு கண்ணாடியிழை இணைப்புதான் முக்கியக் காரணம் என்று தெரிந்தது. 2022-இல் டபிள்யூ போசான் என்ற அடிப்படைத் துகளின் நிறை 80,433 மெகா எலக்ட்ரான்வோல்ட் என்று அமெரிக்கத் துகள் ஆய்வகமான ஃபெர்மிலாபின் சிடிஎஃப் குழு சொன்னது; கோட்பாடு எதிர்பார்த்ததிலிருந்து ஏழு சிக்மா தள்ளி. 2024-இல் செர்னின் சிஎம்எஸ் குழு ஏறத்தாழ அதே துல்லியத்தில் அளந்தபோது வந்தது 80,360. கோட்பாட்டோடு ஒட்டி நிற்கும் எண். சிடிஎஃப் எங்கே சறுக்கியது என்று இன்னும் யாரும் விரல் வைத்துக் காட்டவில்லை. அதனால் அது "தவறு" என்று நான் எழுத மாட்டேன்; தனித்து நிற்கிறது என்று மட்டும் சொல்வேன்.

மியூவான் கதை இதற்கு மறுபக்கம். எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகளான மியூவானின் காந்தத்தன்மை கோட்பாட்டோடு ஒத்துப்போகவில்லை, புதிய இயற்பியல் வாசலில் நிற்கிறது என்று 2021-இல் பரபரப்பு. ஃபெர்மிலாப் தொடர்ந்து அளந்து, 2025 ஜூனில் கடைசி முடிவை வெளியிட்டது. நூறு கோடியில் 127 பங்கு என்ற துல்லியம். பழைய எண் அப்படியே நின்றது. அசைந்தது கோட்பாட்டுப் பக்கம். கணினியில் வேறு முறையில் செய்த கணக்குகள் சோதனையை நோக்கி நகர்ந்து வந்தன. இப்போது இடைவெளி இல்லை என்கிறார்கள். முன்பு கணக்குக்கு அடிப்படையாக இருந்த எலக்ட்ரான்-பாசிட்ரான் மோதல் தரவுகள் தங்களுக்குள்ளேயே ஒத்துப்போகாமல் கிடக்கின்றன. ஆக, அளவீடு உறுதி, ஒப்பிட்ட எண் ஆட்டம் கண்டது. "எதிர்பார்த்ததைவிட" என்று ஒரு செய்தி தொடங்கினால், எதிர்பார்த்தது யார், எப்படி என்று கேட்கத் தோன்றுவது இதனால்தான்.

இருண்ட ஆற்றல் பற்றிக் கேட்டிருந்தீர்கள்; பிரபஞ்சம் விரிவதை வேகப்படுத்துவது என்று கருதப்படுவது அது. டெசி என்ற கருவி, அரிசோனாவில் ஒரு மலை மேல், 5,000 கண்ணாடியிழைகளைத் தானாகத் திருப்பித் திருப்பி விண்மீன் மண்டலங்களின் ஒளியைப் பிரித்துப் பார்க்கிறது. 2025 மார்ச்சில் வந்த முடிவுப்படி, இருண்ட ஆற்றல் காலப்போக்கில் குறைந்துவருவதற்கான அறிகுறி இருக்கிறது, வலிமை 2.8 முதல் 4.2 சிக்மா வரை. ஏன் ஒரே எண்ணாக இல்லை? டெசியின் தரவோடு எந்த சூப்பர்நோவா (விண்மீன் வெடிப்பு) தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறுகிறது. எனக்கு நெருடுவது அதுதான். உண்மையான விளைவு என்றால் எந்தத் தொகுப்பைச் சேர்த்தாலும் ஏறக்குறைய அதே அளவில் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பேன். இல்லை என்று சொல்லவும் மாட்டேன். அளவீடு அருமையானது, முடிவைப் பென்சிலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பேனாவில் எழுதலாம் என்றால், வெளியே நெளிந்து பரவும் ஈர்ப்பு அலைகளைச் சொல்வேன். 2015 செப்டம்பர் 14 அன்று, 3,000 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் அந்த அலைகளைத் தேடும் இரண்டு லைகோ கருவிகளும் சில மில்லிநொடி வித்தியாசத்தில் ஒரே அதிர்வைப் பதிவு செய்தன. என்னை முழுதாக நம்பவைத்தது அதைவிட 2017 ஆகஸ்ட் 17. இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய அலை வந்து 1.7 நொடியில், லைகோவோடு எந்தத் தொடர்பும் இல்லாத விண்கலம் காமாக் கதிர் வெடிப்பைப் பார்த்தது. பிறகு உலகெங்கும் இருந்த தொலைநோக்கிகள் அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்து ஒளியையும் கண்டன. ஒரே பிழை இத்தனை வகைக் கருவிகளிலும் ஒரே நேரத்தில் வர வழியில்லை.

புவி வெப்பமாதலும் எனக்கு இதே வரிசையில்தான். 2024-இல் உலகச் சராசரி வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட சுமார் 1.55 டிகிரி கூடுதல் என்று உலக வானிலை அமைப்பு சொன்னது; ஆறு தனித்தனித் தரவுத் தொகுப்புகளைச் சேர்த்துப் பார்த்து வந்த எண் அது. தரையில் வெப்பமானிகள், கடலுக்குள் மிதவைகள், மேலே செயற்கைக்கோள்கள் என்று வேறு வேறு பிழைகள் கொண்ட கருவிகள் எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன. ஹவாயின் மௌனா லோவா எரிமலையில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. 2022-இல் எரிமலை வெடித்து அங்கே சாலையும் மின்சாரமும் போனபோது, பக்கத்து மலையில் கருவியை வைத்து அளவீட்டைத் தொடர்ந்தார்கள். இந்த வாயு எங்கிருந்து வந்தது என்பதற்குக்கூடத் தடயம் உண்டு: நிலக்கரியிலும் எண்ணெயிலும் கார்பன்-14 இல்லை, காற்றில் அதன் விகிதமும் அதற்கேற்ப நீர்த்துப் போயிருக்கிறது. அட்லாண்டிக் நீரோட்டம் எந்த ஆண்டில் நின்றுபோகும் என்று தேதி குறிக்கும் கட்டுரைகளை இதோடு சேர்க்காதீர்கள். அந்த நீரோட்டத்தைத் தொடர்ச்சியாக நேரடியாக அளப்பதே 2004-இல்தான் தொடங்கியது. தேதிகள் மறைமுகத் தரவிலிருந்து வருபவை.

உயிரியலுக்கு வருகிறேன், கொஞ்சம் தயக்கத்தோடு. இங்கே திரும்பச் செய்து பார்ப்பதே கடினம். உயிரணுக்களும் விலங்குகளும் ஒவ்வோர் ஆய்வகத்திலும் கொஞ்சம் வேறு. புற்றுநோய் உயிரியலில் பெயர்பெற்ற கட்டுரைகளைத் திரும்பச் செய்து பார்த்த ஒரு பெரிய திட்டம் 2021-இல் முடிந்தது. 23 கட்டுரைகளிலிருந்து 50 சோதனைகள். மறுமுறை கிடைத்த விளைவு முதலில் சொன்னதைவிட இடைநிலைக் கணக்கில் 85 சதவீதம் சிறியதாக இருந்தது. விளைவு உண்டு, ஆனால் சொன்ன அளவுக்கு இல்லை என்பதுதான் அங்கே அடிக்கடி நடப்பது. காலமும் ஒழுங்காக ஓடாது. மோனோ ஏரியின் பாக்டீரியா பாஸ்பரசுக்குப் பதில் ஆர்சனிக்கைக் கொண்டு வாழ்கிறது என்ற 2010 கட்டுரையை 2012-லேயே இரண்டு குழுக்கள் மறுத்துவிட்டன. ஆய்விதழ் அதைத் திரும்பப் பெற்றது 2025-இல், அதுவும் ஆசிரியர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க. இன்னொரு பக்கம், 1993-இல் ஒரு சிறு புழுவில் மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்என்ஏ என்ற சிறு மூலக்கூறைக் கண்டபோது, அது அந்தப் புழுவின் விசித்திரம் என்று ஏழு ஆண்டுகள் யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 2000-இல் அதே வகை மூலக்கூறு மனிதன் உட்பட விலங்குகள் பலவற்றில் இருப்பது தெரிந்தது. 2024-இல் அதைக் கண்டுபிடித்த ஆம்ப்ரோசுக்கும் ரவ்குனுக்கும் நோபல் பரிசு. பேசப்படாத செய்திகளையும் கவனியுங்கள் என்று சொல்ல ஆசைதான். அதற்கு வழி எனக்கே தெரியாது.

மூளைக்குள் பிளாஸ்டிக் செய்தி 2025 பிப்ரவரியில் வந்த கட்டுரையிலிருந்து. இறந்தவர்களின் மூளைத் திசுவைச் சூடாக்கிச் சிதைத்து, வரும் ஆவியில் பிளாஸ்டிக்கின் சுவடுகளைத் தேடினார்கள். பாலிஎத்திலீன் சிதைந்தால் நீளமான ஹைட்ரோகார்பன் சங்கிலிகள் வரும். கொழுப்பு சிதைந்தாலும் அதே மாதிரிதான் வரும். மூளையிலிருந்து நீரை எடுத்துவிட்டால் பாதிக்கு மேல் கொழுப்பு. அதனால் கொழுப்பை எவ்வளவு சுத்தமாக நீக்கினார்கள் என்பதில்தான் முழு எண்ணும் தொங்குகிறது. விமர்சகர்கள் கை வைத்ததும் அங்கேதான். நுண்பிளாஸ்டிக் நம் உடலுக்குள் போகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மூளைக்குள் ஒரு கரண்டி என்ற கணக்கில்தான் சந்தேகம். இதைவிட 2024-இல் வந்த கழுத்துத் தமனி ஆய்வை நான் கூடுதலாக மதிக்கிறேன்: 257 நோயாளிகளைச் சுமார் 34 மாதம் தொடர்ந்து பார்த்ததில், தமனிப் படிவில் பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் அல்லது மரணம் நேர்வது ஏறக்குறைய நாலரை மடங்கு அதிகம். அதுவும் தொடர்பைத்தான் காட்டுகிறது. பிளாஸ்டிக்தான் காரணம் என்று அந்த ஆய்வாளர்களே சொல்லவில்லை.

சரி, உங்கள் கறுப்புக் கரண்டி. 2024-இல் வந்த அந்த ஆய்வு, பழைய மின்னணுப் பொருள்களின் பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்து கரண்டி செய்வதால் அதில் தீத்தடுப்பு வேதிப்பொருள்கள் இருக்கின்றன என்று காட்டியது. அளவீடு நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாளில் உடலுக்குள் போகலாம் என்று அவர்கள் மதிப்பிட்டது 34,700 நானோகிராம். பாதுகாப்பு வரம்பு ஒரு கிலோ உடல் எடைக்கு 7,000. 60 கிலோ எடையுள்ளவருக்கு 7,000-ஐ 60-ஆல் பெருக்கி 42,000 என்று எழுதியிருந்தார்கள். பெருக்கிப் பாருங்கள். 4,20,000 வரும். வரம்பை நெருங்குகிறது என்று பயமுறுத்திய எண், உண்மையில் வரம்பில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. திருத்தம் வெளியிட்டார்கள், முடிவுரையை மாற்றத் தேவையில்லை என்றும் சொன்னார்கள். அந்த வேதிப்பொருள்கள் அங்கே இருக்கவே வேண்டியதில்லை என்ற அளவில் அவர்கள் சொல்வதும் சரிதான். எங்கள் வீட்டில் அந்தக் கரண்டி இன்னும் இருக்கிறது. முனை உருகிப்போன ஒன்றை மட்டும் எறிந்தேன். அது இந்தக் கட்டுரை வருவதற்கு முன்பே.